குயிரினோ தோண்டிய கழிப்பறை

என் புருஷன் குயிரினோவுக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. சமையல் தொப்பியைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டான். கேட்டால், "சீசரே வழுக்கைய மறைக்கத்தான் தலையில இலையச் சுத்திக்கிட்டுத் திரிஞ்சாரு, எனக்கென்ன கேடு?" என்பான். ரோமில் எங்கள் மோந்தி பேட்டையில் எல்லோரும் இப்படித்தான். குழம்பு அடிப்பிடித்தால் நீரோ மேல் பழி. ஜூலையும் ஆகஸ்டும் அந்தப் பழைய சீசர்களின் பேர்தான். செத்து இரண்டாயிரம் வருஷமாகியும் வாடகை கொடுக்காமல் எங்களோடு குடியிருக்கிறார்கள்.

பேட்டையிலேயே மாட்டுவால் குழம்பு நன்றாக வைப்பவன் குயிரினோ. நான் சொன்னால் நம்பலாம், அவனை வேறெதற்கும் நான் புகழ்ந்ததில்லை. எங்கள் சாப்பாட்டுக்கடைக்கு ஒரே குறை, கழிப்பறை கிடையாது. சாப்பிட வந்தவர்கள் பக்கத்துக் காப்பிக்கடை ஓரெஸ்தேயிடம் ஓடுவார்கள். ஓரெஸ்தே பந்தாட்டத்தில் லாட்சியோ கட்சி, நாங்கள் ரோமா கட்சி. பேசாமல் இருக்க அது போதும்.

ஒரு தவக்காலத்தில் சுகாதார அதிகாரி வந்தார். குழம்பைத் தட்டு வழித்துச் சாப்பிட்டார், கழிப்பறை எங்கே என்றார். இல்லை என்றதும், ஈஸ்டருக்குள் வராவிட்டால் கடைக்குச் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்த ஒரே இடம் சரக்கறை. குழாய் இறக்க வேண்டுமானால் அங்கே தோண்ட வேண்டும். ரோமில் தோண்டினால் ஏதாவது பழசு வரும், வந்தால் அரசாங்கம் வேலையை நிறுத்தச் சொல்லிக் கயிறு கட்டிவிடும், பேரன் காலத்தில்தான் அவிழ்க்கும். இது இங்கே பிறந்த பூனைக்கும் தெரியும்.

"ஓரெஸ்தேகிட்ட கேட்டுப் பாக்கலாமா?" என்றான் குயிரினோ.

"அவன்கிட்ட கேக்கிறதுக்கு நான் செத்துப் போறேன். நம்ம சரக்கறைக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறான்.

குயிரினோ தோண்ட ஆரம்பித்தான், முழங்கால் ஆழத்தில் கடப்பாரை டங்கென்றது. வெளியே வந்தது ஒரு பளிங்குத் தலை. வழுக்கை, தடித்த கழுத்து, சுருங்கிய நெற்றி, இறுகிய உதடு. வராத ஒன்றுக்காக முக்கிக்கொண்டிருக்கும் முகம்.

"உங்கண்ணன் மாதிரியே இருக்கான்" என்றான் குயிரினோ.

"தொப்பியக் கழட்டிட்டுக் கண்ணாடியில பாரு, யாரு மாதிரின்னு தெரியும்."

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்தவள் நான்தான். உப்புப் போட்டு ஊறவைத்த பன்றிக் கன்னக் கறிக்கு மேல் பாரம் வைக்கவும் ஒரு கல் தேவைப்பட்டது. தலையை அதன்மேல் ஏற்றித் துணியைப் போர்த்தினேன். இவ்வளவு சாமர்த்தியசாலியான நான் பங்குச்சாமியாரை மறந்துவிட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் வீடு வீடாக மந்திரிக்க வருவார். வந்தார். மேசைகளை மந்திரித்தார், அடுப்பை மந்திரித்தார், சரக்கறைப் பக்கம் திரும்பினார்.

"அங்க ஒண்ணுமில்ல சாமி."

"அப்ப அதுக்குத்தான் ஆசீர்வாதம் அதிகம் வேணும்" என்று உள்ளே நுழைந்து தீர்த்தத்தை வீசித் தெளித்தார். அங்கியின் கை பட்டுத் துணி சரிந்தது. சாமியார் குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"குயிரினோ, நான் இப்ப வெஸ்பாசியானை மந்திரிச்சிட்டேன்."

"தெரிஞ்சவரா சாமி?" என்று கேட்டேன்.

"பேரரசரும்மா. மூத்திரத்துக்கு வரி போட்டவரு. பொதுக் கழிப்பறையிலேருந்து துணி வெளுக்கிறவங்க அழுக்கெடுக்க அத வாங்கிட்டுப் போவாங்க, அதுக்கு வரி. சொந்த மகனே மூக்கச் சுளிச்சானாம். காச அவன் மூக்குக்கிட்ட நீட்டி, நாறுதான்னு கேட்டிருக்காரு. ஒரு கோமாளிகிட்ட, என்னையும் கிண்டல் பண்ணுன்னாராம். நீங்க வெளிக்கிருந்து முடிங்க, அப்புறம் பண்றேன்னானாம் அவன். அந்த மொகத்தப் பாரு."

பார்த்தோம். கழிப்பறைக்குக் குழி தோண்டி, கழிப்பறைக்கு வரி போட்டவனையே எடுத்து வைத்திருந்தோம்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றார் சாமியார். குயிரினோ போனான். அரசாங்கம் வந்து தலையைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னும் தோண்டியது. கீழே நீளமான பளிங்குப் பலகை, அதில் வரிசையாக ஓட்டைகள். அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறை. பேட்டையே சேர்ந்து உட்காரலாம். எங்களுக்கு மட்டும் அனுமதியில்லை, கயிறு கட்டிவிட்டார்கள்.

புனித வாரம் வந்துவிட்டது. குயிரினோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் நேரே ஓரெஸ்தேயிடம் போனேன்.

"நடுச்சுவர்ல ஒரு கதவு வெட்டிக்கிறோம். உன் கழிப்பறைக்கு எங்க ஆளுங்களும் வரட்டும்."

"எங்கிட்ட கேக்கிறதுக்குச் செத்துப் போறேன்னியாமே?"

"அத ஈஸ்டருக்கு அப்புறம் வச்சிருக்கேன்."

ஓரெஸ்தே சிரித்தான். "வெட்டிக்க. ஆனா உள்ள போற ஒவ்வொருத்தரும் எங்கிட்ட ஒரு காப்பி குடிச்சாகணும்."

அதிகாரி வந்தார், கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே போனார், காப்பி குடித்தார், கையெழுத்துப் போட்டார். கடை பிழைத்தது. குடித்த காப்பி மறுபடியும் உள்ளே அனுப்பும், அதற்கு இன்னொரு காப்பி. பேட்டையில் ஓரெஸ்தேயை வெஸ்பாசியான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் காப்பி வரியைக் கடைசிவரை கட்டாதவன் குயிரினோ மட்டும்தான். வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்பான், நெற்றியைச் சுருக்கி, உதட்டை இறுக்கி. தொப்பியை மட்டும் எடுத்துவிட்டால், அரசாங்கம் அவனையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.