இரண்டாம் முறை கேட்டது

எழுபதுகளின் தொடக்கத்தில் முதுகுப்பையோடு ஊர்சுற்றும் வெள்ளைக்கார இளைஞர்கள் பருத்தித்துறை வரைக்கும் வருவதுண்டு. அவர்களுள் ஒருவனைப் பேருந்து நிலையத்தில் கண்டு, அயல்வீட்டு மாமியிடம் அழைத்துச் சென்றவன் நான். மாமியின் கணவர் கடலோடியாயிருந்து காலமானவர். மாமி சமைக்கும் குசினியின் கூரை இற்றுப்போய்க் கிடந்தது. மாரிக்கு முன்னர் தென்னங்கிடுகு மாற்றக் காசில்லையே என்பது மாமியின் ஓயாத கவலை. "முன்னறையைக் குடுங்கோ மாமி, ஏதும் தருவான்" என்று சொன்னவனும் நானே.

அவனுடைய சிக்கனம் எங்களுக்குப் புதுமையாயிருந்தது. ஒவ்வொரு நாளின் செலவுப் பணத்தையும் தனித்தனிக் கடிதவுறையில் இட்டு, மேலே கிழமையின் பெயரை எழுதி வைத்திருந்தான். அன்றைய உறை தீர்ந்தால் மறுநாளுறையைத் தொடமாட்டான். செவ்வாய்க்கிழமை உறை மிதிவண்டி வாடகையோடு காலையிலேயே வெறுமையாயிற்று. பிற்பகல் வெயிலில் சோடாக் கடை வாசலில் சற்று நின்றான், வாங்காமலே வந்துவிட்டான். வீட்டில் செம்பு செம்பாக நீர் குடித்தவனைப் பார்த்துவிட்டு மாமி என்னிடம், "என்ன தம்பி, உவன்ரை உறைக்கு இண்டைக்கு விரதமோ?" என்றார். நான் மொழிபெயர்க்க, அவன் வாய்விட்டுச் சிரித்தான். அன்றிரவும் மீன்குழம்பின் நல்ல துண்டுகளெல்லாம் அவன் தட்டுக்கே போயின.

இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகவேண்டியவன், புறப்படும் காலையில் வழிச்செலவை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய உறைகளை மாமியின் முன்னால், உட்காரப் போட்டிருந்த மர வாங்கின் மேல் வைத்தான்.

"ஐயோ, காசு என்னத்துக்கு? வேண்டாமெண்டு சொல்லு தம்பி."

எங்கள் பக்கத்தில் முதல் முறை நீட்டியதும் எவரும் கைநீட்டி வாங்கார். மறுபடியும் கேட்கவேண்டும், அதன் பின்னரே வாங்குவது அழகு. அந்நியன் அதை அறியான். நான் அறிந்திருந்தும், சொல்லுக்குச் சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அவன் விடவில்லை. "உண்மையாகவே வேண்டாமா? இன்னொரு முறை கேட்டுப் பார்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான்.

அக்கேள்வியை நான் மாமியிடம் கொண்டுசெல்லவில்லை. வாங்கின் மேல் கிடந்த உறைகளைக் கண்டபோது, எங்கள் விருந்தோம்பலுக்கு விலை போடப்படுவதாக எனக்குத் தோன்றிற்று. ஒழுகுங் கூரை என்னுடையதன்று. "எங்கள் ஊரில் விருந்தினரிடம் காசு வாங்குவதில்லை" என்று நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் விடை கூறினேன். அவன் மாமியை நோக்கிக் கைகூப்பினான்; உறைகளை எடுத்துப் பையினுள் வைத்தான். பையின் வார் இறுகும் வரையில் மாமி அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நான் அங்கு சென்றபோது, மாமி சாக்கொன்றை மடித்துத் தலையில் இட்டபடி குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தார். அடுப்பைச் சுற்றிலும் ஈரம்.

"தம்பி, அந்தப் பெடியன் வெளிக்கிடேக்கை ரெண்டாந்தரமும் என்னவோ கேட்டவனெல்லே? என்ன கேட்டவன்?"

"பஸ் எத்தினை மணிக்கெண்டு கேட்டவன் மாமி."

"ஓமோ? நான் வேறை என்னவோ எண்டெல்லே நினைச்சன்."

சட்டியொன்றை நகர்த்தி ஒழுக்கின் கீழ் வைத்தார். பின்னர், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றார்.

"வேண்டாம் மாமி" என்றேன்.

அவர் இரண்டாம் முறையும் கேட்டார்.