பல்லில்லாத பாசியும் செம்பூர்ச் சுவரும்

சுவர்ப் பாசிகளை இனம் பிரிப்பது என் தொழில். அதாவது, ஊரார் வழுக்கி விழும் இடத்தில் நான் வேண்டுமென்றே போய் உட்காருவேன். சொன்னால் வீட்டில்கூடப் புரியாத வேலையில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது.

சயானில் ஒரு தேடல்

ஸ்டேஷனுக்கு வெளியே ஈரச் சுவரில் லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். தாராவிக்குப் போகிற வழியில் ஒரு அம்மா நின்று, "கம்மலத் தொலச்சிட்டியளாக்கா?" என்று தானும் தேட ஆரம்பித்துவிட்டார். லென்ஸைக் கொடுத்தேன். வேர் கிடையாது, பூ கிடையாது. இலைமேல் இலையாக ஒரு குட்டிக் காடு. நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டு அழகாவா இருக்கு? இதையா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கோம்!"

செக்ரட்டரியின் கெடு

செம்பூரில் எங்கள் பில்டிங் காம்பவுண்டுச் சுவரில் இருப்பது ஹையோஃபிலா என்ற பாசி என்று எனக்கு ஓர் ஊகம். காய்ந்தால் இலையை உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். ஆனால் இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் எங்கள் துறையில் ஒப்ப மாட்டார்கள். காம்பின் நுனியில் குட்டிக் குடுவை ஒன்று வரும். அதன் மூடி விழுந்ததும் வாயைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாசிகளுக்கு அங்கே வரிசையாகப் பல் இருக்கும். இதற்கு இருக்காது.

வருஷக்கணக்கில் காத்திருந்து இந்த மழைக்குத்தான் குடுவை வந்தது. பெயர்த்தெடுத்தால் பழுக்காமலே வாடிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து தீபாவளி பெயிண்ட்! பில்டிங் சொசைட்டியின் செக்ரட்டரி மாமாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். "காலேஜ்ல பாடம் எடுக்கறேள். சுவர் சுத்தமா இருக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஏணி வந்துவிட்டது

பெயிண்டர் வந்த காலையில் பாசி பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. "செத்துப்போனதுக்கா இத்தனை பாடு?" என்றார் மாமா. ஒரு மக் தண்ணீரைத் தெளித்தேன். அவர் கண்ணெதிரிலேயே அத்தனை இலையும் விரிந்து பச்சையாகிவிட்டது. லென்ஸை வைத்தேன். ஒரு குடுவையின் மூடி விழுந்திருந்தது. வாய் மொழுமொழுவென்று, ஒரு பல் இல்லை! தெருவென்றும் பாராமல் கத்திவிட்டேன். வாங்கிய பட்டம்கூட எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை. மாமாவும் லென்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு பெயிண்டரிடம் திரும்பினார். "இந்த மூலையை விட்டுட்டு அடிப்பா. யாராவது தொட்டா ஃபைன்!"

சம்பந்தி வந்தார்

மறு வாரம் நெருளிலிருந்து மாமாவின் சம்பந்தி வந்தார். காப்பிகூடக் கொடுக்காமல் அவரை நேரே சுவருக்கு இழுத்துப்போனார் மாமா. "உங்க டவர்ல ஸ்விம்மிங் பூல் இருக்கலாம் ஓய். ஹையோஃபிலா இருக்கோ?"

நெருளிலும் அது சுவருக்குச் சுவர் இருக்கிறது என்று விஞ்ஞானியாக நான் சொல்லியிருக்க வேண்டும். சொசைட்டி மெம்பராக வாயை மூடிக்கொண்டேன்.