பின்னலுக்கு ஆட்சேபனை இல்லை

வேங்கிக்காலில் என் வீட்டு மாடியில் ஒரு தாயும் மகளும் குடியிருக்கிறார்கள். தாய்க்குச் செங்கம் சாலையில் ஒரு விடுதியில் சமையல் வேலை. மகள் நர்சிங் கடைசி வருடம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் என் வாசலில் வந்து நின்றார்கள்.

“சார், இவ முடிய வெட்டிக் குடுக்கப் போறாளாம். கேன்சர் வந்தவங்களுக்கு விக் செய்யறதுக்கு,” என்றார் தாய். “அடுத்த மாசம் கீழ்பென்னாத்தூர்லருந்து பொண்ணு பாக்க வராங்க. சாமிக்குன்னா நானே கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டு, சந்தனம் தடவி கூட்டிட்டு வருவேன். இவ யாருன்னே தெரியாதவங்களுக்குன்றா. குடுக்கக் கூடாதுன்னு ஏதாவது ரூல் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

சரியான ஆளிடம்தான் வந்திருந்தார். ஓய்வு பெறும்வரை, வந்தவரைத் திருப்பி அனுப்ப ஒரு விதியைக் கண்டுபிடிக்காமல் தாலுகா அலுவலக நாற்காலியை விட்டு நான் எழுந்ததே இல்லை. அந்தப் பெண்ணின் போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தேன். வயது இருபது, பெற்றோர் சம்மதம் தேவையில்லை. சாயம் போட்டதில்லை. பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும் என்றிருந்தது. என் ஸ்கேலைத் தாயிடம் கொடுத்தேன். கழுத்திலிருந்து பிடித்தார். ஒரு அடி ஸ்கேல் முடிந்தும் முடி தொங்கியது.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன். விதி கைவிட்டால் அதிகாரி அறிவுரைக்கு இறங்குவது வழக்கம்.

“வார்டுல ஒரு பாப்பா சார். வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்க. முடி வந்தாதான் போவேன்னு ஒக்காந்துனு இருக்கு.”

“இது அந்தக் குழந்தைக்கே போய்ச் சேருமா?”

“தெரியாது சார். யாருக்கோ போகும்.”

யாருக்கோ. அவள் வயதில் நான் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. நாற்பதில், கொடி நாளுக்கு இலக்கு வைத்தார்கள் என்பதால் கொடுத்தேன். சான்றிதழுக்கு வந்தவர்களையும் கொடுக்கவைத்தேன். அறுபதுக்குமேல் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சாம்பார் சாதம். உணவுப் பாதுகாப்புச் சான்று, இடத்துக்கு அனுமதி, எல்லாம் பக்காவாக இருக்கும். பின்னால் பேனரில் என் படமும் இருக்கும், மேலே இருப்பவர் புண்ணியக் கணக்கில் ஆளை மாற்றி எழுதிவிடக் கூடாதே என்று. வாங்குகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. இவளோ, பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடப்போவதை, முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்க நிற்கிறாள். பயமும் இல்லை, உத்தரவும் இல்லை. இந்த வயதில் ஒருவர் இப்படியும் இருக்க முடியுமா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆட்சேபனை இல்லை,” என்றேன். பத்து நிமிடத்தில் நான் அதைச் சொன்னது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

“நீங்களும் அவ பக்கமா? வர்றவங்க கேட்டா நான் என்னான்னு சொல்றது?”

“எதுக்கு வெட்னேன்னு சொல்லும்மா. அதுக்கப்புறமும் வேணாம்னா போவட்டும்,” என்றாள் மகள்.

தாய் போனைத் தானே வாங்கி, கடைசி வரை படித்தார். வெட்டுவதற்குமுன் நன்றாகக் காய்ந்த முடியை இறுகப் பின்னி, இரண்டு முனையிலும் கட்ட வேண்டும் என்றிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, மகளைக் கீழ்ப்படிக்கு இழுத்து உட்காரவைத்துப் பின்னத் தொடங்கினார். பாதிப் பின்னலில் கை நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் திரும்பாமலே சொன்னாள். “ஈரமா இருந்தா எடுத்துக்க மாட்டாங்கம்மா.”

“எனக்கும் படிக்கத் தெரியும்டி. நேரா ஒக்காரு.”