ஆட்டின் பேரில் ஒரு மலைப் பயணம்

ஆம்பூரில் நான் ரைட்டராக வேலை பார்த்த தோல்ஷாப்புக்கு வருஷா வருஷம் சீமையிலிருந்து ஒரு காலண்டர் வரும். எங்கள் தோலை வாங்குகிற கம்பெனி அனுப்புவது. வழக்கமாக அதில் ஒரு கப்பல் இருக்கும், இல்லையென்றால் ஒரு நாய் இருக்கும். அந்த வருஷம் ஒரு மலை வந்தது. பனி மூடின உச்சி, கீழே ஏரி, ஏரிக்கரையில் வளைந்து போகும் பாதை, பாதையில் ஒரு கார். காரில் இருந்தவர்கள் எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சீமைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவதும், அங்கிருந்து வருவதைப் படித்துச் சொல்வதும்தான் என் உத்தியோகம்.

"இன்னா ரைட்டரே, கீழே இன்னா போட்டிருக்கு?"

அமெரிக்காவில் ஒரு தேசியப் பூங்கா, கோடைத் தொடக்கத்தில், என்று போட்டிருந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளம் வீணாகக் கூடாதே என்று விளக்கமும் சொன்னேன். அந்த ஊரில் சர்க்கார் மலை மலையாக ஒதுக்கி வைத்திருக்கிறது, அங்கே யாரும் மரம் வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, ஜனங்கள் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள் என்றேன்.

"பார்த்துட்டு?"

"திரும்பி வந்துடுவாங்க முதலாளி."

"கொண்டு வர்றது ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் யோசனையில் விழுந்துவிட்டார். எங்கள் ஷாப் வாசலில் நின்றால் ஒரு மலை தெரியும், கொல்லைப்புறம் போனால் இன்னொரு மலை தெரியும். தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை வருகிற திசை என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி எங்களில் யாரும் நினைத்ததில்லை.

முதலாளியிடம் ஒரு கார் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் விற்றுவிட்டுப் போனது. அதை ஓட்டுகிறவர் முதலாளியின் மச்சான், அவருடைய மனைவியின் தம்பி. பெங்களூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்பதால் பெங்களூரைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. கார் தினமும் வீட்டிலிருந்து ஷாப்புக்கு வரும், சாயந்திரம் திரும்பிப் போகும். வழியில் இருந்த சந்தின் அகலத்துக்கும் அதில் படுத்திருக்கிற மாடுகளுக்கும் நடுவில், முதலாளியின் சாப்பாட்டைத் தலையில் வைத்து நடந்து வருகிறவர் காருக்கு முன்னால் வந்து சேர்வார்.

அப்பேர்ப்பட்ட காரில் சித்திரை பிறந்ததும், வெயில் மண்டையைப் பிளக்குமுன், மலைகளைச் சுற்றிவருவது என்று தீர்மானமானது. மாதனூர் வழியாக ஒடுகத்தூர், அங்கிருந்து ஜவ்வாது மலை, மறுபக்கம் இறங்கி ஆலங்காயம், பிறகு ஏலகிரி. வேலை முடிந்ததும் ஷாப் அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். மச்சான் பெட்ரோல் கம்பெனிக்காரன் கொடுத்த ரோட்டுப் படம் ஒன்றை விரித்து வைப்பார். அதில் மலை இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே ரோடு இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. படம் போட்டவனுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

மச்சானுக்குச் சிறுத்தை பயம், கரடி பயம். துப்பாக்கி வேண்டும் என்றார், லைசென்ஸ் கிடைக்கவில்லை. தட்டி ஓசை எழுப்ப இரண்டு பித்தளைத் தாம்பாளம் எடுத்துக்கொள்வது என்று சமாதானமானார். முதலாளிக்குச் சாப்பாடுதான் கவலை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் சித்திரை வெயிலில் கெட்டுவிடும். ஆட்டை உயிரோடு கொண்டுபோய் மலைமேலேயே பிரியாணி செய்துவிடலாம் என்றார். பிரியாணி வேகிற செப்பு தேக்சாவும் அரிசியும் ஆடும் திட்டத்தில் சேர்ந்தன.

நாலைந்து நாள் கழித்து மச்சான் முகம் தொங்கிப்போய் வந்தார். அக்காவும் வருகிறாளாம். கல்யாணமாகி ஆம்பூர் வந்த நாளாய் மலையைச் சுவருக்கு மேல் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறாளாம், மீதியைப் பார்க்க வேண்டுமாம். முதலாளி மறுக்கவில்லை. வெளி ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண் என்பதால் காரின் பின்பக்க ஜன்னல்களுக்குக் கனமான பச்சைத் துணியில் திரை தைக்கச் சொன்னார். தையற்காரர் இண்டு இடுக்கு இல்லாமல் தைத்துக் கொடுத்தார். மலை பார்க்க வருகிற அம்மாள் அந்தத் திரைக்குள்ளிருந்து எதைப் பார்ப்பார் என்று திட்டம் போட்ட மூன்று ஆண்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மலை சர்க்கார் காடாயிற்றே, அனுமதி வாங்க வேண்டும். அதற்காக வேலூரில் இருந்த காட்டிலாகா ஆபீசுக்கு நான் போனேன். அங்கே தலைமைக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

"உள்ளே போய் என்ன எடுக்கப் போறீங்க?"

"ஒண்ணும் எடுக்கலீங்க. சும்மா பார்க்கத்தான்."

"பார்க்கறதுக்குப் பர்மிட் கிடையாதே."

"அப்போ பர்மிட் இல்லாமலே பார்க்கலாங்களா?"

"பர்மிட் இல்லாம உள்ளே காலை வைக்கக் கூடாது."

கெட்ட மனிதர் இல்லை. எனக்காக விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பட்டை உரிக்க விதி இருந்தது. விறகு பொறுக்க, மூங்கில் வெட்ட, தேன் எடுக்க, தழை ஒடிக்க, மாடு மேய்க்க எல்லாவற்றுக்கும் இருந்தது. துரைமார்கள் புலி சுடுவதற்குத் தனியாக ஒரு அத்தியாயமே இருந்தது. மலையைச் சுட வேண்டுமானாலும் வழி பண்ணியிருப்பார், பார்க்கத்தான் வழியில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தக் காட்டில் சந்தன மரம் ஜாஸ்தி. ஒன்றும் எடுக்கப் போவதில்லை என்று ஒருவன் வலிய வந்து சொன்னால் அவருக்கு என்ன தோன்றும்?

நான் பயந்துபோய், எங்கள் யோக்கியதையை நிரூபிக்கிறேன் என்று முழுத் திட்டத்தையும் ஒப்பித்தேன். கார், அரிசி, தேக்சா, ஆடு. ஆடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆடு வருதா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

வெள்ளாட்டைக் காட்டுக்குள் விடுவதில்லை என்றும், இது செம்மறி என்றால் தடையில்லை என்றும் விசாரித்துக்கொண்டார். செம்மறிதான் என்றேன். மேய்ச்சல் பர்மிட் எழுதினார். ஆடு ஒன்று, உடன் வரும் ஆட்கள், பொழுது சாயும்வரை. சுற்றுப்பயணம் மற்ற மலைகளுக்கு நீள வேண்டுமானால் அங்கங்கே உள்ள ஆபீசில் ஆட்டைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு மலைக்கும் ஒரு ஆபீஸ் என்று கேட்டதும் முதலாளி மற்ற மலைகளை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்.

விடியற்காலைத் தொழுகை முடிந்து கிளம்பினோம். முன்னால் மச்சானும் முதலாளியும். பின்னால் பச்சைத் திரைக்குள் அந்த அம்மாள், அவரோடு தேக்சா. நான் வெளியே காரின் கால்படியில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஆட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒடுகத்தூர் வரைக்கும் கார் கௌரவமாகத்தான் போயிற்று. மலையடிவாரத்தில் வண்டிப்பாதை ஏற ஆரம்பித்ததும் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி விட்டு நின்றுவிட்டது. வேர்க்கடலைக் கொல்லையில் இருந்த ஒரு குடியானவர் வந்து பார்த்தார். கெட்டுப்போன காரை மலைமேல் எதற்குக் கொண்டுபோகிறீர்கள், அங்கே ரிப்பேர் செய்ய ஆள் இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு தன் உழவு மாடுகளை முன்னால் கட்டினார். மாடு இழுக்க கார் ஏறிற்று. மச்சான் மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. வளைவு வந்தபோதெல்லாம் மாட்டுக்கு ஹாரன் அடித்தார்.

பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தது. பக்கத்தில் காவல் குடிசை. காக்கி போட்ட காட்டிலாகா கார்டு ஒருவர் வந்து பர்மிட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆட்டைப் பார்த்தார், சரி என்றார். எங்களைப் பார்த்தார், அதுவும் சரி. காரைச் சுற்றிவந்து, இது எழுதியில்லை என்றார். ஆடு இதில்தான் வந்தது என்று மச்சான் வாதாடினார். ஆட்டுக்குக் கால் இருக்கிறதே என்றார் கார்டு. குடியானவர் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆகவே காரும் தேக்சாவும் பச்சைத் திரையும் மூங்கிலுக்கு வெளியே நின்றன. குரங்குக்குக் காவலாக மச்சான் தாம்பாளங்களோடு அங்கேயே தங்கினார். ஆடு முன்னால் நடக்க, கார்டும் முதலாளியும் நானும் அதன் பின்னால் நடந்தோம். பத்தடி தள்ளி புர்க்காவில் அந்த அம்மாள் வந்தார்.

கார்டு கண்டிப்பானவர். மேய்ச்சலுக்குப் பர்மிட் வாங்கினால் ஆடு மேய வேண்டும் என்றார். அதுவோ ஆம்பூர்ச் சந்தில் தவிடும் வாழைத்தோலும் சுவரொட்டிக் காகிதமும் தின்று வளர்ந்தது. காட்டுப் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கார்டின் முகம் மாறிற்று. மேயாத ஆட்டை வைத்துக்கொண்டு காட்டில் உங்களுக்கு என்ன ஜோலி என்று கேட்டுவிடுவாரோ என்று முதலாளியே மண்டிபோட்டு, தழை ஒடித்து அதன் வாயில் வைத்து, தின்னுடா ராஜா என்று கெஞ்சினார். அவருடைய ஷாப்பின் சுண்ணாம்புக் குழிகளில் எத்தனை ஆயிரம் ஆட்டுத்தோல் ஊறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கொன்றைப் பூவைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஆடு ஒருவழியாக மெல்ல ஆரம்பித்தபோது பார்த்தால் அந்த அம்மாளைக் காணோம். முதலாளிக்கோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் கூச்சம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். கரடி இருக்குமா என்று கார்டைக் கேட்டார். கார்டு அந்தம்மா பாறைப் பக்கம் போனதாகக் கை காட்டினார். இருவரும் ஓடினோம். பாறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் நின்றுவிட்டேன். அந்த அம்மாள் முகத்திரையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதுகைப் பார்த்தபோதே தெரிந்தது. நான் மரத்தின் இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். குரல் மட்டும் கேட்டது. அத்தனை வருஷ உத்தியோகத்தில் அன்றுதான் அந்தக் குரலைக் கேட்டேன்.

அவர்கள் வீட்டு உருதுவில்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரியும். ஆம்பூர் எங்கே என்று அவர் கேட்டார். முதலாளி, வெள்ளைக் கோடுபோல் தெரிவது பாலாறு, அதன் கரையில் புகைமாதிரி இருப்பதுதான் என்றார்.

"நம்ம வீடு?"

முதலாளி இங்கே என்றார், அங்கே என்றார்.

"அவ்வளவுதானா நம்ம ஊரு?" என்றார் அந்த அம்மாள்.

"அவ்வளவுதான்."

ஊரில் நாலு பேர் எழுந்து நின்று சலாம் போடுகிற மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குத் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்தது. என் மனைவியை ஆம்பூர் ரயிலடியைத் தாண்டி நான் எங்கும் கூட்டிப்போனதில்லை.

வெகுநேரம் கழித்து முதலாளி என்னிடம் வந்து, தலை சுற்றுகிறது என்றார். இங்கே காற்றில் வாசனையே இல்லையாம், மூச்சு விட்ட திருப்தி வரவில்லையாம். சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பாவம்.

பசி வந்தது. ஆட்டை அறுக்கலாம் என்றதும் கார்டு குறுக்கே நின்றார். உள்ளே வந்த ஆடு வெளியே போக வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டியது அவர். கறியாகப் போனால் கணக்கு உதைக்கும் என்றார். மேலேயே இருந்த கார்டின் வீட்டில் அவர் மனைவி சாமைச் சோறும் புளிச்சாறும் போட்டார். நாங்கள் மரத்தடியில் சாப்பிட்டோம், ஆடு பக்கத்தில் படுத்து அசை போட்டது. வீட்டுக்குள் இரண்டு பெண்களும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒருவருக்கு உருது, இன்னொருவருக்கு மலைத்தமிழ். உள்ளே சிரிப்பு மட்டும் ஓயவில்லை.

சாயந்திரம் கீழே வந்தால் மச்சான் காருக்குள் பச்சைத் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரங்குகள் அரிசி மூட்டையைப் பிரித்துவிட்டு, ஒரு தாம்பாளத்தையும் கொண்டுபோய்விட்டன. பெங்களூரில் இப்படியில்லை என்றார்.

மறு வருஷம் மச்சான் ஊட்டிக்கு ஒரு திட்டத்தோடு வந்தார். மைசூர் வழியாகக் காட்டுக்குள் புகுந்து போக வேண்டும், யானை இருக்கிற பாதை. மறுபடியும் ஷாப் அறையில் உட்கார்ந்தோம். நான் அந்தந்த ஊர்க் காட்டிலாகாவுக்கெல்லாம், பார்ப்பதற்கு உங்களிடம் விதி உண்டா என்று இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். பதில் வர வர அடுத்த கடிதம் எழுதினேன். இப்படியே சில கோடைகள் போயின.

இதற்கிடையில் அந்த அம்மாள் ஒரு கூண்டு வண்டி பேசி, நாத்தனார்களையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, சித்திரை பிறந்தால் மலைக்குப் போய்வர ஆரம்பித்தார். வேலூர் ஆபீசில் ஆட்டின் பேரில் பர்மிட் வாங்கிக் கொடுக்கிற வேலை எனக்கு. என் மனைவியையும் அழைத்தார்கள். முதல் தடவை அவள் திரும்பி வந்த அன்று, ஒரு சின்னப் பானையில் தேனோடு வாசலில் இறங்கினாள். மேலே என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கால் கழுவிக்கொண்டே, உங்க ஊட்டி எப்போ என்றாள்.