கீழிருந்து வெட்டிய இரண்டு பந்திகள்

மகள் தமிழில் எதை எழுதினாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினொரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். இரண்டாயிரங்களின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. மகள் கேட்பாள். அது போதுமாயிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டு மேல்மாடிக்குச் சென்னையிலிருந்து ஒரு மாணவி குடிவந்தாள். பல்கலைக்கழகத்தில் சூழலியல் படித்தாள். பதினைந்து வயது மகளும் பள்ளியில் அதே பாடத்தைப் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கண்காட்சிக்கு அதைத் தமிழில் ஒரு பெரிய காகித மட்டையில் எழுதி விளக்க வேண்டும். மாலையில் மேலே போனால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். இருவரும் சிரிப்பது கீழே கேட்கும்.

"அப்பா, மேப்பிள் இலையைப் புழு தின்னும், புழுவைக் குருவி தின்னும், குருவியைப் பருந்து தின்னும். ஒவ்வொரு படியிலயும் சக்தி குறைஞ்சுகொண்டு போகுமாம். அக்கா சொன்னவ."

"அது எனக்கும் தெரியும்."

"தெரியுமெண்டா ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

எட்டுப் பந்திகள் எழுதி வந்தாள். மட்டையில் ஆறுக்குத்தான் இடம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், சுருக்கி எழுதும் வேலை எனக்கு வந்தது. பத்திரிகையில் முக்கியமானதை மேலே வைப்போம். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். அப்படியே செய்தேன். நாலாவது பந்தி போட்டியைப் பற்றியது: ஒரே இடத்தில் ஒரே உணவை நம்பியிருக்கும் இரண்டு இனங்களில் ஒன்று ஒதுங்க வேண்டிவரும். அதில் கை வைக்கவில்லை. கடைசி இரண்டும் காளான், பாக்டீரியா பற்றியவை. அவற்றில் சென்னைக்காரியின் வாசகம் அப்படியே தெரிந்தது. வெட்டும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கண்காட்சியன்று காலைதான் எழுதி முடித்தேன்; மகளுக்கு வாசித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை. அங்கே சென்னை மாணவியும் வந்தாள். மட்டையை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"லெட்டரிங் சூப்பர் அங்கிள். சிதைக்கிற உயிர்கள் எங்க?"

"இடம் காணேல்லை. அது கடைசியில இருந்தது," என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா! செத்ததுகளை மக்க வைச்சு, சத்தைத் திரும்ப மண்ணுக்குக் குடுக்கிறதே அதுகள்தான். அதுகள் இல்லாட்டி மரம் எதில வளரும்?"

"பரவால்ல விடு, அங்கிள் பாவம். ஓரத்துல எழுதிடலாம், வா," என்றாள் மாணவி.

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. மகள் மட்டையை அசையாமல் பிடித்தாள். மற்றவள் குனிந்து, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. என் பேனா என் சட்டைப் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மகள் புதிய கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சுருக்கத் தேவையில்லை அப்பா. அக்காவோட இருந்து அளவாத்தான் எழுதினனான். சும்மா வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. அவள் மேலே போன பிறகு, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தேன்.