மாதாவின் நெற்றி

என் அக்கா ரஞ்சனியைக் கட்டியிருக்கும் மணிமாறன் மச்சானைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியை நாமக்கல்லில் நான் பார்த்ததில்லை. நாய் குரைத்தால் வேறு தெருவில் போவார். போலீஸ்காரர் எதிரே வந்தால், ஒரு தப்பும் செய்யாமலே வேர்த்துக் கொட்டும். குமாரபாளையத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தறிச் சத்தத்துக்குப் பயந்து லாரிப் பட்டறைக்கு ஓடி வந்து, முன்கண்ணாடி மாற்றும் வேலை கற்றுக்கொண்டார். கண்ணாடி என்றாலும் பயம்தான். பயந்து பயந்து தொடுவதால் அவர் கையில் எதுவும் உடைந்ததில்லை. அந்தப் பயம்தான் உங்களுக்குச் சோறு போடுகிறது என்று நான் கேலி செய்வேன்.

எந்தக் கண்ணாடியானாலும் தூக்குவதற்கு முன் அதன் மூலையில் சந்தனம் தொட்டு ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துவிடுவார். வைக்காமல் கை போடமாட்டார்.

போன வருடம் சேலத்தில் ஒரு பழைய மாதா கோயிலின் சுவர் விரிசல் விட்டது. அந்தச் சுவரில்தான் வெள்ளைக்காரர் காலத்து வண்ணக் கண்ணாடிகள் இருந்தன. சிவப்பும் நீலமுமான துண்டுகளை ஈயப் பட்டியால் கோத்து, முகங்களை மட்டும் கறுப்பு மையால் வரைந்திருந்தார்கள். சுவர் வேலை முடியும்வரை அவற்றைக் கழற்றிப் பெட்டிகளில் வைக்க வேண்டும். அப்புறம் சென்னையிலிருந்து நிபுணர் வந்து பார்ப்பாராம். கழற்ற நிதானமான ஆள் வேண்டும் என்று ஃபாதர் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கே சிமெண்டு இறக்கப் போன நான்தான் மச்சானைச் சொன்னேன்.

சாரத்தில் ஏறும்போதே மச்சான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதலில் கழற்ற வேண்டியது குழந்தையோடு நிற்கும் மாதா. அவர் வழக்கம்போல மூலையைப் பார்க்கவில்லை. கைப்பிள்ளையோடு ஒரு தாய், நெற்றி வெறுமையாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டில்லாத தாயைத் தூக்க அவருக்குப் பயமாக இருந்தது. நெற்றியிலேயே வைத்துவிட்டார். அன்று மாதாவையும் சுற்றியிருந்த தேவதூதர்களையும் அவரும் உதவிக்குப் போன நானும் அலுங்காமல் இறக்கினோம்.

சாயங்காலம், கோயிலார் பார்ப்பதற்குள் பொட்டைத் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தார். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. அழுத்தித் துடைத்தார். சந்தனம் வந்தது. கூடவே மாதாவின் ஒரு புருவமும் பாதிக் கண்ணும் வந்துவிட்டன. அந்தக் கால மை கண்ணாடியில் சரியாகப் பிடிக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

மச்சான் ஒரு சாக்கை எடுத்து மாதாவின் மேல் போட்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் அவர் பயந்ததைத் தப்பென்று சொல்ல முடியாது. மாதாவுக்குக் குங்குமம் வைத்துக் கண்ணை அழித்தவன் இவன்தான் என்று யாராவது செல்போனில் படமெடுத்துப் போட்டால் போதும். அதைவிடப் பெரிய பயம் வீட்டில் இருந்தது. அக்காவுக்கு நிறைமாதம். தாயின் கண்ணை அழித்தவனுக்குப் பிறக்கும் பிள்ளையின் கண் எப்படி இருக்குமோ என்று மனுஷன் செத்துக்கொண்டிருந்தார். பிள்ளை நல்லபடியாகவே பிறந்தது, ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

நாங்கள் கிளம்பும்போது ஃபாதர் வந்தார். காலையில் மாதா சபைப் பெண்கள் எல்லாக் கண்ணாடிகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் தருவார்கள், பிறகு பெட்டியில் அடுக்கலாம் என்றார். மச்சான் தலையை ஆட்டினார். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். நான் மத்தியானம் சாப்பிட்ட ஓட்டலைத் திட்டினேன்.

மறுநாள் கோயிலுக்குப் போனதும் மச்சான் உள்ளே வரவில்லை. எதிர்க் கடையில் டீயை வாங்கி ஆறவிட்டார். எழுந்து வாசல்வரை போவார், பையில் எதையோ தேடுவதுபோல் கொஞ்சநேரம் நிற்பார், திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு எரிச்சல் வந்து அதட்டினேன். அப்போதுதான் நடந்ததைச் சொன்னார். இப்படியே ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டார். போய்விடலாம் என்றுதான் நான் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவரே, "எல்லா மூஞ்சியும் போயிருமே மாப்ளே" என்று எழுந்து ஓடினார்.

உள்ளே பெண்கள் கண்ணாடிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் ஃபாதர் முன்னால் போய் நின்றார்.

"ஃபாதருங்க, தண்ணி வேண்டாமுங்க. நெத்தி வெறுமையா இருந்துச்சுங்க, பொட்டு வெச்சேன். அதைத் தொடச்சேன், மாதா கண்ணு வந்துருச்சுங்க."

சாக்கை விலக்கிக் காட்டினார். ஃபாதர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லோரையும் துணியைக் கீழே வைக்கச் சொன்னார். கோபப்படவில்லை. நீங்கள் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் மிச்சம் எதுவும் தேறியிருக்காது என்று மச்சானின் தோளைத் தொட்டார். பெண்களும் ஆளுக்கொன்றாக ஆறுதல் சொன்னார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஓரத்தில் ஆரோக்கியமேரி என்ற அம்மாள் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. அவர் முன்னால் ஒரு தேவதூதர் கிடந்தார். சிறகெல்லாம் பளிச்சென்று இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. அந்த அம்மாள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி மச்சானை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி பிடிக்கறப்ப உங்களை வாசல்ல பாத்தேனுங்களே. அப்பவே இது தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றார் மச்சான்.