ஜெயசிங் மாமாவின் கிட்டார்

புதுக்கடை சந்திப்பில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் ஷாஜனிடம் வயர் வாங்கினால், கேட்ட அளவுக்கு மேல் ஒரு முழம் கூடுதலாகத்தான் வெட்டித் தருவார். யார் வீட்டிலாவது மோட்டார் நின்றுபோனால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். எங்கள் சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவரும் அவர்தான். சுமாராகத்தான் வாசிப்பார், ஆனால் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. இப்படிப்பட்ட மனிதர் ஒரு விதவையின் கையிலிருந்து பொருளைப் பறித்தார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

பொருள் என்றால் ஒரு கிட்டார். ஜெயசிங் மாமாவுடையது. கப்பல் வேலையில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில், அப்போதே பழசாகிவிட்டிருந்த ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஆர்ச்டாப் என்பார்கள். நடுவில் வட்ட ஓட்டை கிடையாது. வயலினில் இருப்பதுபோல் இரண்டு பக்கமும் வளைந்த வெட்டு. மேல்பலகை தட்டையாக இல்லாமல் லேசாகப் புடைத்திருக்கும். மாமா சாயங்காலம் வாசிப்பதைக் கேட்பதற்காகவே ஷாஜன் அந்த வழியாக ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போவார். தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டதில்லை, கூச்சம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் அந்த வகைக் கிட்டார்களின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா இறந்த வருடம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு அவர் மனைவி நேசபாய் மாமி அந்தக் கிட்டாரைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார். வாழைக்குலை, சேனைக்கிழங்கு, கோழி என்று அன்றைக்கு வரும் காணிக்கையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் போகும். வீட்டில் அந்த வருடம் ஒருவர் இறந்திருந்தால் அவர் புழங்கிய பொருள் ஒன்றையும் வைப்பார்கள். அதை அந்த வீட்டுக்காரர்களே ஏலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். காணிக்கையும் போய்ச் சேரும், பொருளும் வீடு திரும்பும். மற்றவர்கள் மரியாதைக்கு ஒன்றிரண்டு முறை ஏற்றிக் கேட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். எங்கே நிறுத்துவது என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஷாஜனுக்கும் தெரியும்.

ஏலம் விட்டவன் அனீஷ். மாமி ஒரு விலை கேட்டார். ஷாஜன் கொஞ்சம் ஏற்றினார். பாடகர் குழு மரியாதை செய்கிறது என்று எல்லோரும் சிரித்தோம். மாமி ஏற்றினார். ஷாஜன் மறுபடியும் ஏற்றினார். மாமியும் விடவில்லை. ஷாஜன் அதற்கு மேலும் கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. மாமி பர்ஸைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"ஒரு தரம்," என்றான் அனீஷ். ஷாஜனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். "ரெண்டு தரம்... ஷாஜண்ணே, ரெண்டு தரம் சொல்லியாச்சு, கேட்டியளா."

விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கிட்டாரோடு வீட்டுக்கு வந்தவருக்கு மனைவி ஸ்மைலின் சோறு மட்டும் போட்டார். மறுநாள்தான் வாயைத் திறந்தார்.

"நல்ல சத்தம் உண்டா?"

"உண்டு."

"மாமிக்க காதுல விழாம வாசியும்."

உண்மையிலேயே நல்ல சத்தம். இத்தனை வருடமும் தன் விரலில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார். இந்தக் கிட்டாரில் அதே விரல்கள் நன்றாகவே வாசித்தன. சந்தோஷமாக இருக்கும், அடுத்த நிமிடம் மாமி பர்ஸை மூடியது நினைவுக்கு வரும், கை நின்றுவிடும்.

அதன் சத்தத்தைக் கேட்டால் மாமிக்கு ஆறுதலாக இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுபோனார். பெண்கள் பக்கத்தில் மாமியின் இடம் காலியாக இருந்தது. பாடகர் குழு இல்லாத அதிகாலை ஆராதனைக்கு மாமி மாறிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்கே போய்விட்டார். மாமி பால் சேர்க்காத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். கிட்டாரை மட்டும் தொடவில்லை.

"மாமி, இது உங்களுக்கு உள்ளது. அண்ணைக்கு எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு."

"நான் கர்த்தருக்குக் குடுத்தது மக்கா. நீ ஏலத்துல எடுத்த. இனி அத நான் வீட்டுல வச்சு வாங்கினா, காணிக்கையக் களவாண்டமாதிரி ஆவாதா?"

"அப்ப நான் என்ன செய்யட்டு?"

"சாயா ஆறுது, குடி."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பார்.

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அதைத் திரும்ப ஏலத்தில் வைப்பது, மாமி எடுத்துக்கொள்வார். அதுவரை அவர் அதை வாசிக்கவில்லை. துணி சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, பழைய கிட்டாரோடு ஆலயத்துக்குப் போனார். கடையில் வயரை இரண்டு முழம் கூடுதலாக வெட்ட ஆரம்பித்தார். எங்களுக்கு லாபம், வேறென்ன.

பண்டிகை வந்தது. புதுக் கம்பி போட்டு, துடைத்து, முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தார். மாமிக்கு எதிராக ஒருவரும் கேட்கக்கூடாது என்று முன்பே வீடு வீடாக ஏறிச் சொல்லியிருந்தார். மாமி வீட்டுக்குப் போக மட்டும் அவருக்கு முகம் இல்லை.

அனீஷ் கிட்டாரைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் மாமியைப் பார்த்தோம். மாமி கிட்டாரைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏலத்தில் எடுத்துக் காலடியில் வைத்திருந்த வாழைக்குலையின் பக்கம் குனிந்துகொண்டார்.

"ஆராவது கேளுங்க," என்றான் அனீஷ்.

ஒருவரும் கேட்கவில்லை. காணிக்கை கேட்பாரில்லாமல் கிடந்தது. கடைசியில் மாமியே நிமிர்ந்தார்.

"வச்சவிய எடுக்கியதுதானே நம்ம வழக்கம். ஷாஜனே, நீ கேளு மக்கா." எங்களைப் பார்த்தும் சொன்னார். "அவனுக்கு எதிரா ஒருத்தரும் கேக்காதுங்க."

ஷாஜன் ஒரு விலை சொன்னார். எவ்வளவு என்று அனீஷ் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். யாரும் வாயைத் திறக்கவில்லை. போன வருடம் மாமிக்கு அவர் செய்யாமல் விட்ட மரியாதையைச் சபை முழுவதும் அவருக்குச் செய்தது. அழுதுகொண்டே போய்க் கிட்டாரைக் கையில் வாங்கினார். மாமி வாழைக்குலையைத் தூக்கிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.